225 கிராம் என்று எழுதியிருந்த மட்டை

சமையலறைத் தராசில் நான் வழக்கமாக நிறுப்பது மைதாவும் வெண்ணெயும்தான். சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் இரவு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அதே தராசின்மேல் என் பிக்கிள்பால் மட்டையை வைத்தேன். பெட்டியில் 225 கிராம் என்று அச்சிட்டிருந்தது; தராசு 249 காட்டியது. கைப்பிடியின்மேல் கடையில் இலவசமாகச் சுற்றிக் கொடுத்த நாடாவுக்கு ஐந்தாறு கிராம் கழித்தாலும், மீதி 18 கிராமுக்குக் கணக்கில்லை. இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரையின் எடையைவிடவும் அது குறைவு என்று அலட்சியமாகத் தோன்றலாம். ஒரு மணி நேர ஆட்டத்தில் சில நூறு முறை வீசப்படும் ஒரு பொருளில் அந்தச் சர்க்கரையைக் கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை என் வலது முழங்கை மூன்று வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் பகுதியில் உள்ள ஒரு பேட்மிண்டன் அரங்கில் இரண்டு கோர்ட்டுகளை பிக்கிள்பாலுக்கு மாற்றியதிலிருந்து, துளையிட்ட பிளாஸ்டிக் பந்தைக் கெட்டி மட்டையால் வலைக்கு மேலாக அடித்து ஆடும் இந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. மாற்றுவதும் எளிது. பிக்கிள்பால் கோர்ட்டின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. இரட்டையர் பேட்மிண்டன் கோர்ட்டின் அளவும் அதுவே. வலையை நடுவில் 34 அங்குல உயரத்துக்கு இறக்கி, அதன் இருபுறமும் 7 அடி தள்ளி ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஷட்டில் ஆடிவிட்டு முப்பது ஆண்டுகள் சும்மா இருந்த என் போன்றவர்கள் கூட்டமாக இதில் வந்து சேர்ந்திருக்கிறோம். வரும்போது பழைய பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறோம். ஷட்டில் ராக்கெட் 85 கிராம் அளவில்தான் இருக்கும். அதை மணிக்கட்டால் சொடுக்கியே அடித்துவிடலாம். பிக்கிள்பால் மட்டை அதைப்போல் இரண்டரை மடங்கு கனம். அதையும் அப்படியே சொடுக்கினால், அந்தச் சுமை முழங்கையின் வெளிப்புறத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் முதல் மட்டையை விற்ற கடையில் இருந்த இளைஞர், நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்த ஒன்றை எடுத்து நீட்டி, "இதான் மேடம் இப்ப போயிட்டிருக்கு, பவர் செமயா இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. எது நல்ல மட்டை என்று மொட்டையாகக் கேட்டவள் நான்தான். எவ்வளவு காலமாக ஆடுகிறேன், இதற்குமுன் என்ன ஆடினேன், என் பந்து வலையில் அதிகம் விழுகிறதா, வெளியே அதிகம் போகிறதா என்பதையெல்லாம் சொல்லாமல், விற்கிறவரிடம் நல்லதைக் கேட்டால் வேகமாக விற்பதைத்தான் அவர் எடுத்துத் தருவார்.

இந்த விளையாட்டின் விதிகளைப் பார்த்தாலே எந்த மாதிரி மட்டை வேண்டும் என்பது ஓரளவு புரிந்துவிடும். சர்வீஸ் பந்தைத் தரையில் ஒருமுறை படவிட்டுத்தான் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பி வரும் பந்தைச் சர்வீஸ் போட்ட தரப்பும் தரையில் படவிட்டுத்தான் அடிக்க வேண்டும். வலையை ஒட்டிய அந்த 7 அடிப் பகுதிக்குக் கிச்சன் என்று பெயர்; அதற்குள் நின்றுகொண்டு பந்தைத் தரையில் விழவிடாமல் அந்தரத்தில் அடிக்கக் கூடாது. ஆகவே முன்னால் ஓடிவந்து ஓங்கி அடித்துப் புள்ளியை முடிப்பதற்கு விதியே முட்டுக்கட்டை போடுகிறது. நான்கு பேரும் கிச்சன் கோட்டருகே நின்று, பந்தை வலைக்கு மேலாக மெதுவாகத் தூக்கிப்போட்டு, யார் முதலில் தவறி உயரமாகக் கொடுப்பார் என்று காத்திருப்பதுதான் ஆட்டத்தின் உயிர். டிங்க் என்று சொல்லப்படும் அந்த மென்மையான அடிக்குப் பவர் மட்டையால் ஓர் உதவியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எங்கள் தரப்பு விட்ட 11 புள்ளிகளைக் கணக்கெடுத்தேன். அவற்றில் 7 நானே கோட்டுக்கு வெளியே அனுப்பிய பந்துகள். எதிராளிகள் வெறுமனே நின்றுகொண்டிருந்தாலே போதுமாயிருந்தது.

மட்டையின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் வயிற்றுக்குள் இருப்பதுதான். 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சார்டும் அவருடைய நண்பர்களும் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது கையில் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டைகளைத்தான் பயன்படுத்தினார்கள். அவை போதாமல், அவர்களில் ஒருவரான பார்னி மெக்கலம் ஒட்டுப்பலகையை அறுத்துப் பெரிய மட்டைகளைச் செய்தார். 1984இல் போயிங் நிறுவனத்தின் பொறியாளரான ஆர்லன் பரான்டோ, விமானங்களில் பயன்படும் தேன்கூட்டுப் பலகைகளைக் கொண்டு மட்டை செய்து பார்த்தார். கனம் குறைய வேண்டும், விறைப்பு குறையக் கூடாது என்பது விமானத்துக்கும் மட்டைக்கும் பொதுவான தேவையல்லவா? இன்று நாம் வாங்கும் பெரும்பாலான மட்டைகள் அந்த யோசனையின் வழிவந்தவையே. நடுவில் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தேன்கூடு. இருபுறமும் கண்ணாடியிழை அல்லது கார்பன் இழையாலான மெல்லிய தகடு. சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் விளிம்பு.

அந்தத் தேன்கூட்டின் தடிமன்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வது. கடைகளில் 13, 14, 16 மில்லிமீட்டர் மட்டைகள் பரவலாகக் கிடைக்கின்றன. மெல்லிய மட்டையில் பந்து பட்டவுடன் துள்ளிப் பறக்கும். தடித்த மட்டை பந்தின் வேகத்தைச் சற்று விழுங்கிக்கொண்டு திருப்பித் தரும். எதிரில் இருப்பவர் வேகமாக அடித்த பந்துக்கு மட்டையை நீட்டி வெறுமனே தடுக்கும்போது இந்த வேறுபாடு கைக்கு நன்றாகத் தெரியும். அது மட்டுமல்ல, பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தடித்த மட்டை அவ்வளவாகத் திருகிக்கொள்ளாது. ஆரம்பத்தில் நமக்குப் பாதிப் பந்துகள் ஓரத்தில்தான் படும் என்பதால், அந்தப் பொறுமை பெரிய வரம். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் 16 மில்லிமீட்டர் மட்டையை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாகாது. என் முதல் மட்டை 13.

அடுத்தது எடை. 220 முதல் 232 கிராம் வரை என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும் நடுத்தரம். 210க்குக் கீழே போனால் கை லேசாகத்தான் இருக்கும், ஆனால் வேகமான பந்து மட்டையையே பின்னுக்குத் தள்ளும். அதை ஈடுகட்ட நாம் இன்னும் பலமாக வீசுவோம், அதுவும் முழங்கைக்கு நல்லதல்ல. 240ஐத் தாண்டினால், கிச்சன் கோட்டில் இரண்டு பேர் மாறி மாறி விரைவாக அடித்துக்கொள்ளும் நேரத்தில் மட்டை ஒரு கணம் தாமதமாக வந்து சேரும். எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்: ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில், தலைப்பக்கம் கனமாக இருப்பது வீசும்போது கூடுதல் சுமையாகத் தெரியும். மட்டையின் கழுத்தை ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தால் எது தலை கனத்தது என்பது தெரிந்துவிடும். பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நல்ல தயாரிப்புகளிலேயே அறிவித்த எடைக்கு ஐந்தாறு கிராம் முன்பின் இருப்பதுண்டு. கடையில் தராசு இருந்தால் கூச்சப்படாமல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கம் வாங்கும்போது கூச்சப்படுகிறோமா என்ன?

மேற்புறத்தைப் பற்றித்தான் விளம்பரங்கள் அதிகம் பேசும். கண்ணாடியிழை சற்றே வளைந்து கொடுப்பதால் பந்தை உந்தித் தள்ளும், விலையும் குறைவு. கார்பன் இழை விறைப்பானது. பந்து போகும் தூரம் முகப்பு முழுவதும் ஒரே சீராக இருக்கும். வண்ணம் பூசாமல் இழையின் நெசவையே சொரசொரப்பாக விட்டிருக்கும் கார்பன் முகப்பில் பந்துக்குச் சுழற்சியும் நன்றாகக் கிடைக்கும். ஆனால் சுழற்சி என்பது மட்டையைக் கீழிருந்து மேலாகச் சரியான கோணத்தில் உரசிக்கொண்டு போகத் தெரிந்த கைக்குத்தான் பயன்படும். பந்தை நேராக அடிக்கவே திணறும் முதல் மூன்று மாதங்களில் அந்தச் சொரசொரப்புக்காகப் பணத்தைக் கொட்டுவது, ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்குமுன் காருக்குப் பந்தய டயர் மாட்டுவதைப் போன்றது.

கார்பன் என்று எழுதியிருப்பதெல்லாம் கார்பனும் அல்ல. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், டி700 என்ற ரகக் கார்பன் இழை என்ற அறிவிப்போடு பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று என் கணவருக்காக ஒரு மட்டை வாங்கினேன். பார்ப்பதற்கு நெசவு போலவே இருந்தது. மூன்றாம் வாரம் அந்த நெசவு ஓரிடத்தில் வழுக்கையாகி, அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நெசவு என்று நான் நினைத்தது மேலே அச்சிட்ட படம். திருப்பி அனுப்பும் காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு புதிய மட்டை எதை எடுத்தாலும் விரல் நகத்தை முகப்பின்மேல் மெல்ல இழுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உண்மையான இழையில் நகம் குறுக்கும் நெடுக்கும் ஒரே சீராக நறநறவென்று ஓடும். மணல் கலந்து தெளித்த பூச்சில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிடிக்கும். அச்சிட்ட படத்தில் வழுக்கிக்கொண்டே போகும். பெயர்பெற்ற நிறுவனங்களின் விலையுயர்ந்த மட்டைகளுக்குப் போலிகளும் உலவுகின்றன. 20,000 ரூபாய் மட்டையை 4,000 ரூபாய்க்குத் தருவதாக யாராவது சொன்னால், அதே 4,000க்கு அதிகம் பெயரில்லாத நிறுவனத்தின் அசல் மட்டையை வாங்குவது மேல்.

வடிவத்துக்கு வருவோம். மட்டையின் நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நீளத்தைக் கூட்டினால் அகலத்தைக் குறைத்தாக வேண்டும். 16 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்டது வழக்கமான வடிவம். பந்து நன்றாகப் படும் நடுப்பகுதி இதில் அகன்று இருக்கும். 16.5 அங்குல நீளமும் 7.5 அங்குல அகலமும் கொண்ட நீள்வடிவம் எட்டும் தூரத்தையும் வேகத்தையும் சற்றுக் கூட்டித் தரும்; ஆனால் துல்லியமாகப் படாவிட்டால் அது மன்னிக்காது. டென்னிஸ் ஆடி வந்தவர்கள் பின்கை அடிக்கு இரு கைகளையும் பயன்படுத்துவதால், ஐந்து அங்குலத்துக்கு மேல் கைப்பிடி உள்ள நீள்வடிவ மட்டை அவர்களுக்கு இயல்பாக இருக்கும். டேபிள் டென்னிஸ் ஆடியவர்கள் ஆட்காட்டி விரலை முகப்பின்மேல் வைத்துப் பிடிப்பதால் குட்டைக் கைப்பிடியைத்தான் விரும்புவார்கள். ஷட்டிலில் இருந்து வந்த நமக்கு, என் அனுபவத்தில், வழக்கமான வடிவமே போதும். கை மாற்றிக்கொள்ள வேண்டியது வடிவத்தை அல்ல, சொடுக்கும் பழக்கத்தை.

கைப்பிடியின் சுற்றளவைப் பலரும் பார்ப்பதே இல்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 4 முதல் 4.5 அங்குலத்துக்குள் இருக்கும். மட்டையை வழக்கம்போல் பிடித்துக்கொண்டு, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவே மற்றொரு கையின் ஆட்காட்டி விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் அளவாகப் பொருந்தினால் சரி. நுழையவே இல்லையென்றால் பிடி மெலிந்தது. அந்த விரலுக்குப் பிறகும் இடம் மிஞ்சினால் பிடி பருத்தது. இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் மெலிந்ததையே வாங்குங்கள். மேலே நாடா சுற்றிப் பருமனைக் கூட்டிக்கொள்ளலாம். பருத்ததைச் செதுக்க முடியாது. சென்னைப் புழுக்கத்தில் நாடா சுற்றாமல் ஆட முடியாது என்பதால் அதற்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். வியர்வையில் பிடி வழுக்க வழுக்க, நாம் அறியாமலே இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். என் முழங்கையைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்டது மட்டையின் விலையை அல்ல, நாடாவைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றுதான். அது பளபளவென்று கறுத்துப்போய் இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. நூறு இருநூறு ரூபாய் நாடாவில் கஞ்சத்தனம் செய்துவிட்டு, நான்கு முறை பிசியோதெரபிக்குப் போய்வந்தேன்.

விலையைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் நியாயமாகாது. இவை நான் கடைகளிலும் இணையத்திலும் பார்த்த விலைகள். இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மர மட்டைகளும் பந்துகளும் சேர்ந்த தொகுப்பு 1,500 ரூபாய் அளவில் கிடைக்கிறது. மர மட்டை 300 கிராமை ஒட்டி இருக்கும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் மொட்டைமாடியில் தட்டி விளையாடுவதற்குச் சரி, வாரம் மூன்று நாள் ஆடப்போகிறவர் அதைத் தொட வேண்டாம். 2,500 முதல் 4,000 வரை தேன்கூட்டு உள்ளகம் கொண்ட கண்ணாடியிழை மட்டைகள் நல்லவையாகவே கிடைக்கின்றன. 4,000 முதல் 7,000 வரை 16 மில்லிமீட்டர் கார்பன் முகப்பு மட்டைகள் உண்டு. இந்த வட்டத்துக்குள்தான் பெரும்பாலோருடைய தேவை முடிந்துவிடுகிறது. 15,000க்கு மேல் கொடுப்பவர்கள் வாங்கும் கூடுதல் வேகத்தையும் சுழற்சியையும் எங்கள் அரங்கில் உண்மையிலேயே பயன்படுத்துகிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். போட்டிகளில் ஆட எண்ணமிருந்தால் மட்டும், அந்தப் போட்டி எந்த அமைப்பின் அங்கீகாரத்தைக் கேட்கிறது என்று விசாரித்து, மட்டையின் மாதிரிப் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்குமுன் வேறொருவருடைய மட்டையில் ஓர் ஆட்டமாவது ஆடிப் பாருங்கள். எனக்கு விடிவு அப்படித்தான் வந்தது. எங்களோடு ஆடும், எனக்கு மூத்தவரான ஓர் அக்கா, வலியில் நான் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் 16 மில்லிமீட்டர் மட்டையை நீட்டி, "இதுல கொஞ்ச நேரம் ஆடிப் பாரும்மா" என்றார். முதல் பத்து நிமிடம் பந்து வலையைத் தாண்டவே இல்லை. மட்டை தானாகத் தள்ளிவிடும் என்று கை பழகிப்போயிருந்தது. அதன்பின் ஒரு டிங்க் பந்து நான் நினைத்த இடத்தில் போய் விழுந்தது, அடுத்ததும் விழுந்தது. எங்கள் கோர்ட்டில் பிக்கிள்பால் மட்டையை இரவல் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்டால் அவரவர் மட்டையின் சரித்திரத்தையும் சேர்த்தே சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமைதான் வேண்டும்.

பழைய மட்டையை விலைக்கு வாங்குவதாக இருந்தால் அதைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். மட்டையைக் கழுத்தில் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, மடக்கிய விரல் கணுவால் முகப்பின் நடுவிலிருந்து ஓரம்வரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பானை வாங்கும்போது செய்வதுதான். ஓசை ஓரத்தை நெருங்க நெருங்கப் படிப்படியாக மாறுவது இயல்பு. திடீரென்று ஓரிடத்தில் மட்டும் செத்த ஓசையோ உப்பிய ஓசையோ கேட்டால், அங்கே தேன்கூடு நொறுங்கியிருக்கலாம், அல்லது முகப்புத் தகடு உள்ளகத்திலிருந்து விட்டுப்போயிருக்கலாம். கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினால் சற்றே உள்வாங்கும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

ஓராண்டு ஆடித் தேறியவர்களுக்கு மட்டையை மாற்ற வேண்டும் என்ற நமைச்சல் வரும், எனக்கும் வந்தது. மாற்றுவதற்குமுன் செய்து பார்க்கக்கூடியவை சில உண்டு. டங்ஸ்டன் எடைநாடா என்று ஒன்று கிடைக்கிறது. மட்டையின் முகப்பைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, 3 மணியும் 9 மணியும் இருக்கும் ஓரங்களில் தலா 2 அல்லது 3 கிராம் ஒட்டினால், ஓரத்தில் படும் பந்துக்கு மட்டை திருகுவது குறையும். 12 மணி இடத்தில் ஒட்டினால் அடிக்கு வேகம் கூடும், கைக்குச் சுமையும் கூடும். முழங்கை வலி பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். சொரசொரப்பு மங்கிவிட்டது என்று புலம்புகிறவர்கள், கார்பன் முகப்பைத் துடைப்பதற்கென்றே விற்கும் ரப்பர் கட்டியால் ஒருமுறை தேய்த்துப் பார்க்கலாம். பாதி நேரம் நெசவின் இடுக்கில் பந்தின் பிளாஸ்டிக் துகள் அடைத்திருப்பதுதான் காரணம். இவற்றுக்கெல்லாம் பிறகும், சர்வீசையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவது அடியாகப் பந்தைக் கிச்சனுக்குள் மெதுவாக இறக்குவது பத்துக்கு ஆறேழு முறை கைகூடுகிறது, எதிராளியை முடிக்க மட்டும் வேகம் போதவில்லை என்ற நிலை வந்தால், அப்போது 14 மில்லிமீட்டர் மட்டையைப் பற்றியோ நீள்வடிவத்தைப் பற்றியோ யோசிப்பதில் பொருள் இருக்கிறது. நான் இன்னும் பத்துக்கு நாலில்தான் இருக்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்காக ஒரு வார்த்தை. மட்டையைப் பூட்டிய காருக்குள் போட்டுவைக்காதீர்கள். உள்ளகமும் பிளாஸ்டிக், தகட்டைப் பிடித்து வைத்திருப்பதும் பசைதான். கத்திரி வெயிலில் பின்சீட்டில் நாள் முழுவதும் கிடந்த ஒரு மட்டையின் விளிம்பு வாய் பிளந்து நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன். விளிம்பே இல்லாமல் வழவழப்பாக வரும் மட்டைகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் தாழ்ந்து வரும் பந்தை எடுக்கும்போது சிமெண்டுத் தரையில் மட்டையை உரசாத புதியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தொடங்குகிறவர்கள் தடித்த விளிம்பு உள்ளதையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் ஆடுவது 16 மில்லிமீட்டர், வழக்கமான வடிவம், கார்பன் முகப்பு. விலை 4,800 ரூபாய். நாடாவோடு சேர்த்து என் தராசில் 231 கிராம். முழங்கை ஐப்பசிக்குள் சரியாகிவிட்டது. அந்த 249 கிராம் மட்டையை விற்க மனம் வரவில்லை. விற்றால் இன்னொருவருடைய முழங்கை. வடாம் பிழிந்து மாடியில் காயவைக்கும்போது வேட்டியின் காற்றுப்பக்க மூலையில் அதை வைக்கிறேன். துணி அசைவதில்லை.